மேல் கோட்டைத் தாண்டிய ஆயில்

2023 அக்டோபர் 26, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வெயில் ஏறியிருந்தது. மழை இல்லை, மலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் மூட்டம். கொய்யாத் தோட்டத்தில் ஏழாவது வரிசைக்கும் எட்டாவது வரிசைக்கும் நடுவில் எங்கள் சின்ன டிராக்டர் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்பதுகூடச் சரியில்லை. டிரைவர் நிறுத்தினார்.

"சார், ஆயில் லைட்டு எரியுது சார்" என்று வரப்பில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினார்.

அந்த விளக்கு சாவியைப் போட்டதும் சிவப்பாக எரிய வேண்டும். எஞ்சின் பிடித்ததும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் எஞ்சினுக்குள் ஆயில் போதிய அழுத்தத்தோடு சுற்றவில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தை மூன்று முறை படித்திருக்கிறேன்.

நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். மூன்று நாளுக்கு முன்புதான் ஆயுத பூசை. மீட்டர் பலகை முழுவதும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. விளக்கின் மேலேயே ஒரு பொட்டு.

"குங்குமம்ப்பா அது. வெயில் பட்டு மின்னுது."

அவர் கட்டை விரலால் பொட்டைத் துடைத்தார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"குங்குமம் இன்னா சார், கண்ண சிமிட்டுமா?" என்றார்.

அவர் எங்களிடம் ஒன்பது வருடமாக வேலை செய்தவர். அடிவாரத்து ஊர், நிலம் கிடையாது. வயது நாற்பத்தாறு. நான் இந்தத் தோட்டத்துக்கு வருமுன் சர்க்கரை ஆலையொன்றில் எடைமேடைக் கணக்கராக முப்பத்தொரு வருடம் இருந்தவன். கரும்பு வண்டி மேடையில் ஏறும்போது ஓட்டுகிறவர் இறங்கினாரா, தண்ணீர்க் குடத்தை இறக்கினாரா, ஈரக் கரும்பை அடியில் வைத்தாரா என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிப்போனது. ஓய்வு பெற்று பதினாறு வருடம் ஆகியும் கண்ணுக்கு ஓய்வு இல்லை. வண்டியின் டீசல் டேங்கிற்கென்று ஒரு மூங்கில் சிம்பு வைத்திருந்தேன். கால் லிட்டருக்கு ஒரு கோடு. மாலையில் ஒருமுறை, காலையில் ஒருமுறை விட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவேன்.

விளக்கு எரிந்த அன்று ஆயில் அளவையும் பார்க்கச் சொன்னேன். கேஜ் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். கம்பியில் இரண்டு கோடுகள் உண்டு. ஆயில் கீழ்க் கோட்டிற்குக் கீழே போனால் ஆபத்து. எங்கள் வண்டியில் மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தது. எனக்கு நிம்மதி. ஆயில் இருக்கிறது, ஆகவே விளக்கு பொய் சொல்கிறது.

அன்று முதல் அதையும் எழுத ஆரம்பித்தேன். நோட்டின் இடப்பக்கம் டீசல், வலப்பக்கம் ஆயில்.

முதலில் ஒயரைப் பார்த்தோம். முனை கறுத்திருந்தது, புது முனை போட்டு இறுக்கினோம். மறுநாள் ஒரு மணி நேரம் உழுததும் மறுபடி எரிந்தது. வேகம் கூட்டினால் அணையும், குறைத்தால் எரியும். பிறகு நான் கள்ளக்குறிச்சிக்குப் போய் அந்த விளக்கிற்கான ஸ்விட்ச் வாங்கி வந்தேன். அதை மாற்றினோம். காலைக் குளிரில் இரண்டு வரிசை ஓடும்வரை எரியவில்லை. சூடானதும் எரிந்தது.

ஒவ்வொரு தடவை எரியும்போதும் அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கொய்யா மர நிழலில் உட்கார்ந்துகொள்வார். எஞ்சின் ஆறட்டும் என்பார். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒருநாள் நாற்பது நிமிடம், ஒருநாள் ஐம்பத்தைந்து நிமிடம்.

"ஆயிலே மாத்திடலாம் சார். கையில தொட்டா தண்ணியாட்டம் கீது."

"மாத்தி அறுபத்தொரு மணி நேரம்தான் ஓடியிருக்குது. புத்தகத்துல இருநூத்தைம்பது போட்டிருக்குது."

"புத்தகம் போட்டவரு நம்ம வண்டிய பாக்கல இல்ல."

நவம்பர் முதல் வாரத்தில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் ஏறியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"நீ ஊத்துனியா?"

"நா எதுக்கு சார் ஊத்தறேன்? ஆயில் இன்னா எங்க வூட்லயா காச்சறோம்?"

என்னைச் சமாதானப்படுத்த எங்கிருந்தோ கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏறியதுதானே, குறையவில்லையே என்று எழுதி மூடிவைத்தேன். என் கவலையெல்லாம் இடப்பக்கத்தில் இருந்தது. அக்டோபர் 24 முதலே டீசல் இரவில் குறைந்துகொண்டிருந்தது. மாலையில் ஐம்பத்திரண்டு கோடு, காலையில் ஐம்பத்தொன்று. எல்லா நாளும் இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று நாளுக்கு ஒருமுறை. கொட்டகை பூட்டியிருக்கும். சாவி இரண்டு. ஒன்று என் இடுப்பில், இன்னொன்று அவரிடம். நான் எழுந்திருப்பதற்கு முன்பே அவர் வண்டியை எடுக்க வேண்டியிருக்கும் என்று நானே கொடுத்தது.

நவம்பர் 8 இரவு வரை பதினாறு இரவுகளில் ஏழு கோடு. ஒன்றே முக்கால் லிட்டர்.

நவம்பர் 9 காலை ஏழேகாலுக்கு கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்து டீக்கடைக்குப் போனேன். ஏழாவது கோடு குறைந்ததை அப்போதுதான் எழுதிவிட்டு வந்திருந்தேன். டிரைவர் வேலைக்கு வருமுன் அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருந்தது, கடையில் கூட்டம்.

"இன்னா சார், லைட்டு அணைஞ்சிச்சா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"சார் தீபாவளிக்குன்னு உட்டுவச்சிக்கீறாரு" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். "அதால மத்தாப்பு செலவு மிச்சம்."

எல்லாரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"லைட்ட உடுங்க. எங்க கொட்டகைல டீசல் ராத்திரில எழுந்து நடந்து போவுது. பூட்டு பூட்டினபடி இருக்குது. சாவி ரெண்டே ரெண்டு" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்தார்.

"யார சொல்றீங்க சார்?"

"நான் யாரையும் சொல்லலை. கணக்கு சொல்லுது."

இதை எழுதும்போதும் அந்த வாக்கியம் எனக்குக் கேட்கிறது. யாரையும் சொல்லவில்லை என்று சொல்லி ஒருவரைச் சொன்னேன். எடைமேடையில் அப்படித்தான் பேசுவோம். ஆளைத் திட்டமாட்டோம், சீட்டைக் காட்டுவோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அவர் மனைவியோடு வந்தார். வேலைக்கு வரவில்லை. எங்கள் தோட்டத்து முனையில் வேப்பமரத்தடியில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஆள் உயரம்தான். "வாங்க சார்" என்று அங்கே கூப்பிட்டார். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம் திருட்டுப் பழி விழுந்தவர் செய்வது அதுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. சத்தியத்தை நீக்க வேண்டுமானால் இரண்டு பேரும் அதே இடத்தில் சேர்ந்து நிற்க வேண்டும்.

"சூடமெல்லாம் எதுக்குப்பா? நோட்டுல எழுதியிருக்குது, பாரு" என்றேன். உண்மையாகவே நோட்டை நீட்டினேன்.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. சூடத்தை ஏற்றினார். "இந்த வண்டி டீசல் ஒரு சொட்டு நா எடுத்திருந்தா ஆத்தா என்ன கேக்கட்டும்" என்று சொல்லி உள்ளங்கையால் அழுத்தி அணைத்தார்.  கொட்டகைச் சாவியைக் கோயில் படியில் வைத்துவிட்டு இருவரும் போய்விட்டார்கள். தீபாவளிக்கு அவர்களுக்கென்று எடுத்த வேட்டியும் புடவையும் எங்கள் பீரோவிலேயே இருந்தன.

முதல் இரண்டு காலையும் டீசல் குறையவில்லை. "பாத்தியா?" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அதிரசத்திற்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நவம்பர் 13, தீபாவளிக்கு மறுநாள் காலை, ஒரு கோடு குறைந்திருந்தது. இரண்டு சாவியும் என்னிடம். நான்கு நாளாக வண்டி ஓடவே இல்லை.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் எண்களோடு இருந்தவன் என்ன செய்தேன் என்றால், அவர் மாற்றுச்சாவி அடித்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். மறுநாள் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். 15ஆம் தேதி காலை இன்னொரு கோடு குறைந்தது.

"பூட்டையும் மாத்தியாச்சி" என்றாள் மனைவி. "இனிமே டேங்குக்குள்ள நீங்களே எறங்கிப் படுத்துக்குங்க. அப்ப தெரிஞ்சிடும் யாரு வராங்கன்னு."

17ஆம் தேதி, பத்தாவது கோடும் குறைந்த அன்று, கள்ளக்குறிச்சியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். டீசலுக்காக இல்லை, விளக்கிற்காக. ஆயில் பம்பு போய்விட்டதோ, எஞ்சினைப் பிரிக்க வேண்டுமோ என்று பயம். அவர் ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. கேஜ் கம்பியை உருவினார், மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க."

மோந்தேன். டீசல் வாடை.

"இம்மா நாளா அளந்தீங்களே, ஒருவாட்டி மோந்து பாக்கலியா சார்?"

இல்லை. அளந்தேன், எழுதினேன். மோந்து பார்க்கவில்லை.

டேங்கிலிருந்து டீசலை இழுத்து எஞ்சினுக்குத் தள்ளும் சின்ன பம்பு ஒன்று எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கிறது. அதற்குள் ரப்பர் ஜவ்வு. அது கிழிந்திருந்தது. டேங்க் மேலே, பம்பு கீழே. கிழிசல் வழியாக டீசல் இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிட்டது. ஆயில் அளவு ஏறியது, ஆனால் தண்ணீராகிவிட்டது. சூடானால் இன்னும் இளகும், அழுத்தம் நிற்காது, விளக்கு எரியும். விளக்கு ஒருநாளும் பொய் சொல்லவில்லை.

"ராத்திரில எறங்குமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"கிழிசல் ஒட்டிக்கிறத பொறுத்து. செல நாள் எறங்கும், செல நாள் எறங்காது. டேங்குக்குக் கீழ டீசல் குழாய மூடற காக்கு இருக்குது பாருங்க, அத சாயங்காலம் மூடிட்டா ராத்திரில ஒரு சொட்டு எறங்காது. மூடறது இல்லியா?"

மூடிக்கொண்டுதான் இருந்தார். ஒன்பது வருடமும் டிரைவர் மாலையில் அந்தக் காக்கை மூடிவிட்டுத்தான் போவார். அக்டோபர் 24, விஜயதசமி காலை, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தபோது காக்கைத் திறக்க மறந்துவிட்டார். பழத்தை நசுக்கி நாலு அடி போனதும் வண்டி நின்றது. டீசல் குழாய்க்குள் காற்று பிடித்துக்கொண்டது. நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஆயிற்றே என்று கத்தினேன். இனி அந்தக் காக்கைத் தொடவே கூடாது என்று சொன்னது நான். அன்று இரவிலிருந்துதான் குறைய ஆரம்பித்தது. நோட்டில் தேதியே இருக்கிறது.

மெக்கானிக் அடைப்பானைத் திறந்து ஆயிலை வடித்தார். நாலரை லிட்டர் பிடிக்கும் இடத்திலிருந்து ஏழு லிட்டருக்கு ஒரு டம்ளர் கம்மியாக வந்தது. இடப்பக்கத்தில் குறைந்த இரண்டரையும் வலப்பக்கத்தில் ஏறியிருந்தது. ஒரே நோட்டு, எதிரெதிர் பக்கம். நான் மேலிருந்து கீழே கூட்டினேனே தவிர, குறுக்கே பார்க்கவில்லை.

புதுப் பம்பும் புது ஆயிலும் ஃபில்டரும் போட்டபிறகு எஞ்சினை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

"யாரு சார் ஓட்னது? லைட்டு எரிஞ்சவொடனே நிறுத்திக்கீறாரு. இதே வேற ஆளா இருந்தா க்ராங்க் தேஞ்சி எஞ்சினே போயிருக்கும். உங்களுக்கு நல்ல டிரைவரு."

 மர நிழலில் அவர் உட்கார்ந்த நிமிடங்களையும் நோட்டில் எழுதியிருந்தேன். மொத்தம் ஐந்து மணி இருபது நிமிடம்.

மறுநாள் சனிக்கிழமை மொபெட்டில் அவர் ஊருக்குப் போனேன். ஆறு கிலோமீட்டர். அவர் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். வெயிலில் வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது, நானும் கேட்கக் கூடாது. குடம் என் கண்ணுக்கு எதிரே இருந்தது.

அவர் கரும்பு வெட்டிவிட்டு வந்தார். கை முழுக்கக் கீறல். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஜவ்வு, காக்கு, இரண்டரை லிட்டர். கடைசியில், "தப்பு என் பேருலதான்ப்பா. மன்னிச்சிக்க" என்றேன்.

அவர் வெட்டுக்கத்தியைக் கூரை இறவாணத்தில் செருகினார்.

"இங்க வந்து சொல்றீங்க சார். இங்க யாரு கீறாங்க, நானும் இவளும்தான். எங்களுக்குத்தான் மொதல்லயே தெரியுமே. அன்னிக்குத் தனியாவா சொன்னீங்க?"

"இல்ல."

"பதினோரு பேரு. நானும் எண்ணிக்கினேன் சார்."

அவர் மனைவி அப்போதுதான் பேசினாள். தியாகதுருகத்தில் ஒருவர் பெரிய டிராக்டர் வாங்கி ஆள் தேடினாராம். இவரை வரச்சொல்லியிருந்தவர், டீசல் விஷயம் காதில் விழுந்ததும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"இந்தப் பேரோட யாரு சார் ஸ்டீரிங்க கையில குடுப்பாங்க?" என்றாள். "கடைசி வரைக்கும் கத்திதான்."

அந்தப் பதினோரு பேரிடமும் நானே போய்ச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

திங்கட்கிழமை காலை டீக்கடையில் நின்றே சொன்னேன். கடைக்காரர், டீ மாஸ்டர், பெஞ்சில் வழக்கமாக உட்காரும் ஐந்து பேர். ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல முடிந்தது. மத்தாப்பு என்று கேலி செய்தவர், "அட, சார் வாயாலயே வருதே" என்றார்.  அன்று அங்கே நின்ற பால்காரரை ஏரிக்கரையில் பிடித்தேன். தையற்கடைக்காரரை அவர் கடையில். ஒருவர் மலை மேலே வெள்ளிமலைக்குக் கடுக்காய் வாங்கப் போயிருந்தார். அவர் இறங்கி வரும்வரை இரண்டு நாள் காத்திருந்தேன். பத்து பேர் ஆயிற்று.

பதினோராவது ஆள் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர், மஞ்சள் பை வைத்திருந்தார், மீசை நரைத்திருந்தது. அவ்வளவுதான் கடைக்காரருக்கு ஞாபகம். தியாகதுருகத்துக்குப் போய் அந்த டிராக்டர்காரரைப் பார்த்தேன். "பஸ்ல யாரோ பேசிக்கினு வந்தாங்க, எங்க ஆளு கேட்டாரு" என்றார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நல்லதுங்க. நான் வேற ஆள வச்சிட்டனே" என்றார்.

அந்தப் பதினோராவது ஆளுக்காக நவம்பர் 20 முதல் டிசம்பர் 6 வரை பதினேழு காலை அதே ஏழேகாலுக்கு டீக்கடையில் நின்றேன். மஞ்சள் பையோடு இருபத்துமூன்று பேர் பஸ் ஏறினார்கள். மீசை நரைத்திருந்த நாலு பேரைக் கேட்டேன். அவர்கள் இல்லை. அவர் இப்போதும் எங்கேயோ அந்தக் கதையை வைத்திருக்கிறார். கச்சிராயபாளையத்தில் ஒரு டிரைவர் டீசல் திருடினான் என்று அவர் சொன்னால், இல்லை என்று சொல்ல அங்கே நான் இருக்கமாட்டேன்.

டிசம்பர் 8 வெள்ளிக்கிழமை டிரைவர் கோயிலுக்கு வந்தார். பத்து பேரும் அவரிடம் சொல்லிவிட்டார்களாம். நான் சூடம் ஏற்றினேன். இருவரும் தொட்டுக் கும்பிட்டோம். அவர் மனைவி கொண்டுவந்த சொம்பிலிருந்து நான் முதலில் தண்ணீர் குடித்தேன், பிறகு அவர் குடித்தார். பீரோவில் இருந்த துணியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

சாவியை நீட்டினேன். "நாளையிலிருந்து வரியாப்பா?"

அவர் சிரித்தார். கோபச் சிரிப்பு இல்லை.

"வேணாம் சார். அடுத்த தபா லைட்டு எரிஞ்சா உங்ககிட்ட சொல்ல மனசு வராது. வண்டி கெட்டுப்பூடும்."

அவர்கள் இருவரும் வரப்பில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலை அன்று தெளிவாகத் தெரிந்தது. சாவி இரண்டும் இப்போதும் என்னிடம்தான் இருக்கின்றன. மாலையில் டீசல் காக்கை நானே போய் மூடுகிறேன், காலையில் நானே திறக்கிறேன். ஓட்டுவதற்குத் தினக்கூலிக்கு யார் கிடைக்கிறார்களோ அவர்கள். வருடத்தில் ஆறேழு பேர் மாறுகிறார்கள். மூங்கில் சிம்பை உடைத்துப் போட்டுவிட்டேன்.

நோட்டை மட்டும் போடவில்லை. அதன் கடைசிப் பக்கத்தில், நான் திருட்டு என்று சொன்ன ஒன்றே முக்கால் லிட்டரின் விலை நூற்று அறுபத்தாறு ரூபாய் என்று தனியாக எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே ஸ்விட்ச், பூட்டு, பம்பு, ஆயில், மெக்கானிக் கூலி, எஞ்சினுக்குள் இறங்கிய மொத்த டீசல், தியாகதுருகம் பஸ், தேங்காய் சூடம், பதினேழு டீ எல்லாம் சேர்த்துக் கூட்டியிருக்கிறேன். ஐயாயிரத்து இருநூற்றுப் பதினாறு ரூபாய்.